பை தங்கம், ரெயின் கவர் தலைவலி

பைக்கின் பின்பக்கம் இருபுறமும் தொங்கவிட நான் வைத்திருக்கும் சேடில் பேக் விலை குறைந்திருக்கிறது, வாங்கலாமா என்று நண்பர் கேட்டார். வேண்டாம் என்றேன். இத்தனை வருஷமாக அதைத்தானே நீங்களே மாட்டிக்கொண்டு சுற்றுகிறீர்கள் என்றார். நியாயமான கேள்வி.

பையில் குறை சொல்ல எனக்கு மனசு வரவில்லை. தையல் ஒன்றுகூட விட்டதில்லை. பக்கிள் எல்லாம் முதல் நாள் போலவே 'டக்' என்று விழுகிறது. கறுப்பு வெளுத்திருக்கிறது, அவ்வளவுதான். புழுதியில் ஜிப் இறுகினால் மெழுகுவர்த்தியைத் தேய்த்துவிட்டால் போதும். என் வண்டி ராயல் என்ஃபீல்டு ஹிமாலயன் 411. அதில் சைலன்சர் வலப்பக்கம் மேலேறி வரும் என்பதால் சேடில் ஸ்டே, அதாவது பையைச் சைலன்சரில் படாமல் தள்ளிப் பிடிக்கும் கம்பிச் சட்டம், இல்லாமல் எந்தத் துணிப் பையையும் தொங்கவிடக் கூடாது, அடிப்பக்கம் உருகிவிடும். ஸ்டே போட்ட பிறகு அந்தக் கவலையும் இல்லை.

பிரச்சினை மழை. தைத்த பைக்குள் ஊசித் துளை வழியாக எப்படியும் தண்ணீர் இறங்கும். அதற்காகத்தான் தனியாக ஒரு ரெயின் கவர் தருகிறார்கள். ஓரத்தில் வெறும் எலாஸ்டிக், இழுத்துக் கட்ட ஒரு பட்டை கிடையாது. எழுபது, எண்பதில் போனால் காற்று புகுந்து பலூன் போல உப்பி, பின் ஓரம் மெல்ல நழுவுகிறது. டயர் வாரியடிக்கும் சேற்றுத் தண்ணீர் அந்த வழியாகத்தான் உள்ளே போகிறது. போன தண்ணீர் வெளியே வர அடியில் ஓட்டையும் இல்லை.

ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி வளைவுகள். தென்மேற்குப் பருவமழையில் அந்த ஏற்றத்தில் கவரைச் சரிசெய்ய எத்தனை முறை இறங்கினேன் என்று எண்ணவே இல்லை. அறையில் கவரைக் கழற்றினால் அடியில் இரண்டு டம்ளர் செம்மண் தண்ணீர் தேங்கி நிற்கிறது. அதில் ஊறிய ஸ்வெட்டர் கை மறுநாளும் காயவில்லை. வாடிக்கையாளர் சேவைக்குப் போன் செய்தால், "நீங்க சரியா மாட்டலை சார்" என்கிறார்கள். கோபம் வராமல் என்ன செய்யும்? ஓடும் சக்கரத்துக்குப் பக்கத்தில் அவிழ்ந்து தொங்கும் துணி எரிச்சல் மட்டுமில்லை, ஆபத்து.

கோணி ஊசியைச் சூடாக்கிக் கவரின் அடியில் துளை போட்டேன். தண்ணீர் வடிகிறது, உப்புவது நிற்கவில்லை. மேலே குறுக்கும் நெடுக்குமாகப் பஞ்சி கயிறு (முனையில் கொக்கி உள்ள எலாஸ்டிக் கயிறு) கட்டினால் கவர் அசையாது. ஆனால் ஒரு துண்டு எடுக்க வேண்டுமென்றாலும் மொத்தத்தையும் அவிழ்க்க வேண்டும். கடைசியில் துணிமணியைத் தடித்த பிளாஸ்டிக் பைகளில் கட்டி உள்ளே வைத்துவிட்டுக் கவரை வீட்டிலேயே விட்டுவிட்டேன். இப்போது பை நனையும், துணி நனையாது.

மழைக்காலத்தில் மலையேறுகிறவர்கள் ரோல் டாப் பையைப் பாருங்கள். இணைப்புகளைத் தைக்காமல் சூட்டில் ஒட்டியிருப்பார்கள். வாயை மூன்று சுற்று சுருட்டிப் பக்கிள் போட்டால் கவரே தேவையில்லை. விலை அதிகம், அடியில் கிடக்கும் சாமானை எடுக்க எல்லாவற்றையும் வெளியே கொட்ட வேண்டும். ஆனாலும் அதைத்தான் சொல்வேன்.

பிப்ரவரியில் ராமேஸ்வரம் போகிறவருக்கு என் பை போல இன்னொன்று கிடைக்காது. நானும் இதை விற்கப் போவதில்லை. ஆனால் அந்தக் கவரை மாற்றாமல் விலையை மட்டும் குறைத்திருக்கிறார்கள். நண்பருக்கு என் பதில் அதேதான்: வேண்டாம்.