முதல் வகுப்பறை எந்த நாட்டில்?

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் ஆசிரியப் பயிற்சி முடித்து வெளிவரும் இளைஞர்களுக்கு உள்ளூர்ப் பள்ளிகளில் நிரந்தரப் பணியிடம் கிடைப்பது அரிதாகிவிட்டது. மேற்குக் கேப் மாகாணம் மட்டுமே 2,407 ஆசிரியர் பணியிடங்களைக் குறைப்பதாக 2024-ஆம் ஆண்டில் அறிவித்தது. நம் குவாசூலு-நட்டால் மாகாணத்திலும் நிலைமை ஆறுதல் தருவதாக இல்லை. ஆகவே டர்பனைச் சுற்றியுள்ள சாட்ஸ்வர்த்திலும் ஃபீனிக்சிலும் டோங்காட்டிலும் பல வீடுகளில், ஆங்கிலம் கற்பிக்க எந்த நாட்டுக்குப் பிள்ளையை அனுப்பலாம் என்ற பேச்சு எழுகிறது. உயர்நிலைப் பள்ளியில் நெடுநாள் ஆங்கிலம் கற்பித்தவள் என்பதால் என்னிடமும் கேட்க வருகிறார்கள். பெரும்பாலோர் கையில் ஒரு தாளுடன்தான் வருவார்கள். அதில் ஒவ்வொரு நாட்டின் மாத ஊதியமும் ராண்டுக்கு மாற்றி எழுதப்பட்டிருக்கும். அந்தக் கணக்கு தவறு என்று நான் சொல்லவில்லை. ஆனால் இதுவரை தனியாக வகுப்பெடுத்திராத ஒருவருக்கு அதைவிட முதன்மையான இரண்டு கேள்விகள் உண்டு. முதலாண்டில் நான் பாடம் நடத்துவதைப் பார்த்துத் திருத்தக்கூடியவர் யார்? வேலை சரிப்படாமல் போனால் என் விசா யார் கையில் இருக்கும்?

இந்த இரண்டு கேள்விகளை வைத்து நாடுகளை ஒப்பிட்டால், வெறும் இளங்கலைப் பட்டமும் ஆங்கிலம் கற்பிக்கும் சான்றிதழும் உள்ளவருக்குத் தென் கொரிய அரசுப் பள்ளிகளையே முதலில் வைப்பேன். ஆங்கிலம் கற்பிப்பதற்கான ஈ-2 விசாவைக் கொரியா பொதுவாக ஏழு நாட்டுக் குடிமக்களுக்கே தருகிறது: அமெரிக்கா, பிரிட்டன், அயர்லாந்து, கனடா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, தென்னாப்பிரிக்கா. நம் நாட்டவர் தம் பள்ளிக் கல்வியும் பல்கலைக்கழகக் கல்வியும் ஆங்கில வழியில் நடந்ததற்கான கடிதங்களையும் சேர்த்துக் கொடுக்க வேண்டும். இது கூடுதல் சுமைதான். ஆயினும் முதல் வகுப்பிலிருந்தே ஆங்கில வழியில் படித்த நம் பிள்ளைகளுக்குப் பழைய பள்ளி முதல்வரிடம் ஒரு கடிதம் வாங்குவது கடினமன்று.

1995-இல் தொடங்கப்பட்ட எபிக் என்னும் அரசுத் திட்டத்தின் வழியாகச் செல்பவர் வாரத்துக்கு 22 வகுப்புகள் வரை எடுக்க வேண்டும்; மீதி வேலை நேரத்தில் பள்ளியிலேயே அமர்ந்து பாடம் ஆயத்தம் செய்யலாம். வீட்டுக்கு வாடகை இல்லை. தொடக்க நிலை ஊதியம் மாதம் 20 லட்சம் வோனுக்குச் சற்று மேல். ஓராண்டு முழுமையாக முடித்தவருக்கு ஏறத்தாழ ஒரு மாத ஊதியம் பணிக்கொடையாகக் கிடைக்கும். ஆனால் இவற்றையெல்லாம்விட நான் மதிப்பது, வகுப்பறையில் உடன் நிற்கும் கொரிய ஆசிரியரைத்தான். குழந்தைகளுக்கு விளங்காத இடத்தை அவர் முகத்தைப் பார்த்தே புதிய ஆசிரியர் அறிந்துகொள்வார். ஒழுங்கு குலையும்போது அவர் கை கொடுப்பார். எல்லா உடன் ஆசிரியரும் அப்படி அமைவதில்லை என்பதும் உண்மை. சிலர் வகுப்பின் பின்வரிசையில் அமர்ந்து தம் வேலையைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள் என்று சென்று வந்தவர்கள் கூறுகிறார்கள். அப்படியிருந்தும், தனியே விடப்படுவதைவிட அது மேல்.

அதே கொரியாவில் ஹக்வன் எனப்படும் தனியார் பயிற்சி நிலையங்கள் முற்றிலும் வேறு உலகம். அங்கே வேலை பெரும்பாலும் பிற்பகலில் தொடங்கி இரவில் முடியும், வகுப்புகளும் அதிகம், விடுமுறையும் குறைவு. ஆண்டின் எந்த மாதத்திலும் ஆள் எடுப்பார்கள் என்பதால் அவசரப்படுபவர்கள் அங்கேயே போய்ச் சேர்கிறார்கள். என்னிடம் படித்த பெண் ஒருத்தி அப்படிப் போனாள். நான்காம் மாதத்தில் நிலையத்தையே மூடிவிட்டார்கள். கடைசி மாத ஊதியம் வரவில்லை, தங்கியிருந்த அறையும் நிலையத்தின் பெயரில் இருந்ததால் ஒரு வாரத்தில் காலி செய்ய வேண்டியதாயிற்று. ஈ-2 விசா வேலை கொடுப்பவரோடு பிணைந்தது. ஒப்பந்தத்தின் நடுவில் வேறிடம் மாற வேண்டுமானால் வழக்கமாக அவரிடமே விடுவிப்புக் கடிதம் பெற வேண்டும். நல்ல ஹக்வன்களும் இருக்கின்றன. ஆனால் நல்லதையும் கெட்டதையும் டர்பனிலிருந்து பிரித்தறிய ஒரு புதியவருக்கு வழியில்லை.

அடுத்துப் பலரும் கேட்பது ஐக்கிய அரபு அமீரகம். நம் தாய்மார்களுக்கு இதுவே பிடித்தமான இடம், அதற்குக் காரணமும் இருக்கிறது. டர்பனின் கிங் ஷாக்கா விமான நிலையத்திலிருந்து துபாய்க்கு நேரடி விமானம் உண்டு. நேர வித்தியாசம் இரண்டு மணிதான் (கொரியா நமக்கு ஏழு மணி நேரம் முந்தியிருக்கிறது). தமிழ்க் கடைகளுக்கும் சைவ உணவுக்கும் குறைவில்லை. 2022-இல் ஜெபல் அலியில் புதிய இந்துக் கோயிலும் திறக்கப்பட்டது. ஊதியத்துக்கு அங்கே வருமான வரி கிடையாது. ஓராண்டு முடித்தவருக்கு, முதல் ஐந்தாண்டுகளில் ஆண்டொன்றுக்கு 21 நாள் அடிப்படை ஊதியம் என்ற கணக்கில் பணிக்கொடை சேரும்.

ஆனால் அமீரகப் பள்ளிகள் தேடுவது ஆங்கிலம் பேசத் தெரிந்தவரை அல்ல, தேர்ந்த ஆசிரியரை. கல்வியியல் பட்டமோ முதுநிலைக் கல்விச் சான்றிதழோ வேண்டும். பெரும்பாலும் இரண்டாண்டு அனுபவமும் கேட்பார்கள். அனுபவமில்லாமல் போகிறவர்க்குக் குறைந்த ஊதியத்தில் உதவி ஆசிரியர் வேலையே வாய்க்கும். இந்தியப் பாடத்திட்டப் பள்ளிகளில் முழு ஆசிரியராகச் சேர்ந்தாலும் பிரிட்டிஷ் பாடத்திட்டப் பள்ளிகள் தரும் ஊதியம் பொதுவாக அங்கே கிடைப்பதில்லை. முழு வகுப்பு ஒன்று கையில் வந்துவிட்டால், முதல் நாளிலிருந்தே அதன் தேர்வு முடிவுகளுக்கும் பெற்றோரின் கேள்விகளுக்கும் அவர் ஒருவரே பொறுப்பு. எனவே என் கருத்தில் அமீரகம் மூன்றாம் ஆண்டில் செல்ல வேண்டிய நாடு. முதலாண்டிலேயே சென்று மனமுடைந்து கற்பித்தலையே விட்டவர்களை நான் அறிவேன்.

பணக்கணக்கில் ஒன்றைத் தெளிவுபடுத்த வேண்டும். வெளிநாட்டில் சம்பாதிப்பதற்கு இங்கே வரியே இல்லை என்ற பழைய நம்பிக்கை இன்னும் வீடுகளில் உலவுகிறது. 2020 மார்ச் முதல் தேதியிலிருந்து, ஆண்டுக்கு 12.5 லட்சம் ராண்டு வரையிலான வெளிநாட்டு ஊதியத்துக்கு மட்டுமே விலக்கு உண்டு. அதற்கும் பன்னிரண்டு மாதத்தில் 183 நாளுக்கு மேல் வெளிநாட்டில் பணியாற்றியிருக்க வேண்டும். அதில் 60 நாளுக்கு மேல் இடைவிடாமல் வெளியே இருந்திருக்க வேண்டும். புதிய ஆசிரியரின் ஊதியம் அந்த வரம்பைத் தொடாது. எனினும் வருமான வரிக் கணக்கைத் தாக்கல் செய்யாமல் விட்டுவிடக் கூடாது.

வியட்நாமை நான் இரண்டாம் இடத்தில் வைக்கிறேன், சில தயக்கங்களுடன். பட்டமும் கற்பித்தல் சான்றிதழும் காவல்துறைச் சான்றும் இருந்தால் பணி அனுமதி பெறலாம், வாழ்க்கைச் செலவும் குறைவு. ஹோ சி மின் நகரத்தின் நடுவில், முன்னாளில் அங்கு சென்ற தமிழர் கட்டிய மாரியம்மன் கோயில் இன்றும் வழிபாட்டில் இருக்கிறது; நம் மவுண்ட் எட்ஜ்கோம்ப் மாரியம்மனைக் கும்பிட்டு வளர்ந்த பிள்ளைக்கு அது சிறிய ஆறுதல் இல்லை. ஆனால் மொழி நிலையங்கள் பலவற்றில் மணிக்கணக்கில் ஊதியம் என்பதால் டெட் எனப்படும் புத்தாண்டு விடுமுறைக் காலத்தில் வருவாய் குறையும். வகுப்புகள் மாலையிலும் வார இறுதியிலும் இருக்கும். சுற்றுலா விசாவில் வந்து சேருங்கள், அனுமதியைப் பிறகு பார்த்துக்கொள்வோம் என்று எந்த நிலையம் சொன்னாலும் ஒப்புக்கொள்ளாதீர்கள்.

சீனாவில் ஊதியம் உயர்வு. ஆனால் 2021 ஜூலையில் வந்த கல்விச் சீர்திருத்த ஆணைக்குப் பிறகு தனியார் பயிற்சி நிலையங்கள் பெருமளவில் மூடப்பட்டன. பள்ளியோ பல்கலைக்கழகமோ நேரடியாக எடுத்தால் மட்டும் பரிசீலிக்கலாம். பள்ளிகளுக்கு வெளிநாட்டவரை எடுக்கும் ஜப்பான் அரசின் ஜெட் திட்டம் நேர்மையானது, நன்கு நடத்தப்படுவது. ஆனால் ஆண்டுக்கு ஒரு முறைதான் விண்ணப்பம், போட்டியும் கடுமை, ஆகவே அதை மட்டுமே நம்பி உட்கார முடியாது.

எந்த நாட்டு ஒப்பீட்டிலும் எழுதப்படாத ஒன்றை நான் சொல்லியாக வேண்டும். ஆசிய நாடுகளின் தனியார் நிலையங்கள் பல விண்ணப்பத்தோடு புகைப்படம் கேட்கின்றன. நம் பிள்ளைகளின் ஆங்கிலத்தில் குறை சொல்ல ஏதுமில்லாதபோதும், அவர்கள் நிறத்தைப் பார்த்து ஒதுக்குவது நடக்கிறது. அது அநீதி, அதை மென்மையாக்கிச் சொல்ல எனக்கு விருப்பமில்லை. அரசுத் திட்டங்களில் தகுதி விதிகள் எழுத்தில் இருப்பதால் இந்த ஒதுக்கலுக்கு இடம் குறைவு என்பதும், கொரிய அரசுப் பள்ளியை நான் முன்னிறுத்துவதற்கு ஒரு காரணம்.

சான்றிதழிலும் வேறுபாடு உண்டு. இணையவழியில் முடிக்கும் 120 மணி நேரப் படிப்பு விசாவுக்குப் போதுமானதாக இருக்கலாம். செல்ட்டா என்னும் ஆங்கிலக் கற்பித்தல் சான்றிதழ்ப் படிப்பிலோ ஆறு மணி நேரம் உண்மையான மாணவர்களுக்கு வகுப்பெடுக்க வேண்டும், பயிற்றுநர் அமர்ந்து பார்ப்பார். செலவு பல மடங்கு. வியட்நாம் செல்பவர்க்கு அந்தச் செலவு அவசியம் என்பேன், ஏனெனில் அங்கே பெரும்பாலும் அவரைத் திருத்த யாருமில்லை. கல்வியியல் பட்டம் பெற்றவர் கொரியா போவதானால் அது தேவையே இல்லை.

காலக்கணக்கு பலரைத் தடுமாற வைக்கிறது. டிசம்பரில் படிப்பு முடிந்தாலும் நம் பல்கலைக்கழகங்களின் பட்டமளிப்பு பெரும்பாலும் ஏப்ரல், மே மாதங்களில்தான் நடக்கிறது. கொரியப் பள்ளியாண்டோ மார்ச்சில் தொடங்கிவிடும். பட்டச் சான்றில்லாமல் விசா இல்லை என்பதால் நம்மவர்க்குப் பெரும்பாலும் ஆகஸ்ட் இறுதிச் சேர்க்கையே பொருந்தும். கைரேகை கொடுத்துக் காவல்துறைச் சான்று பெறுவதும், அதற்கும் பட்டத்துக்கும் அப்போஸ்டில் முத்திரை (ஆவணம் உண்மையானது என வெளிநாட்டுக்கு அரசு தரும் சான்று) வாங்குவதும் வாரக்கணக்கில் இழுக்கும். தைப்பூசக் காவடி முடிந்த கையோடு அருகிலுள்ள பள்ளியில் உதவியாளராகச் சேர்ந்து, மாலையில் இந்தக் காகிதங்களைப் பார்த்துக்கொள்ளலாம். ஆகஸ்டில் விமானம் ஏறும்போது கையில் ஆறு மாத வகுப்பறைப் பழக்கமாவது இருக்கும்.