பிள்ளைகளோடு ஊசுட்டேரிக்கு வாடகை சைக்கிளில்: ஏரிக்கு முழு மார்க், சாலைக்குப் பாதிதான்

புதுச்சேரியில் பறவை பார்ப்பதும் சைக்கிள் மிதிப்பதும் ஒரே காலையில் முடிய வேண்டுமென்றால் ஊசுட்டேரிதான் சரியான இடம். நகரத்துக்கு மேற்கே சுமார் 10 கிலோமீட்டர். ஏறக்குறைய 800 எக்டேர் பரப்பு. பாதி புதுச்சேரியில், பாதி தமிழ்நாட்டில். புதுச்சேரி அரசு தன் பகுதியை 2008-இல் பறவைகள் சரணாலயமாக அறிவித்தது. ஏரியில் குறை சொல்ல ஒன்றுமில்லை. வாடகை வண்டியும் போகிற சாலையும்தான் காலையைக் கெடுக்கும்.

முதலில் வண்டி. மிஷன் வீதிப் பக்கத்து வாடகைக் கடைகளில் பெரியவர்கள் ஓட்டும் 26 அங்குல சைக்கிள் கிடைத்துவிடும். பிள்ளைகளுக்கான 20 அங்குலம் எல்லாக் கடையிலும் இருக்காது, முந்தின நாளே கேட்டுச் சொல்லி வையுங்கள். "பெரிய வண்டியிலேயே சீட்டை இறக்கித் தருகிறேன்" என்றால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். சீட் இறங்கும், ஹேண்டில்பார் கிட்டே வராது. பிரேக் லிவருக்குப் பிள்ளையின் விரல் எட்டாது.

எடுக்கும்போது லிவரை முழுக்க அழுத்திப் பாருங்கள். அது ஹேண்டில்பாரைத் தொட்ட பிறகும் சக்கரம் சுற்றினால் கேபிள் தளர்ந்திருக்கிறது, அங்கேயே இறுக்கச் சொல்லுங்கள். கடற்காற்றில் இந்த ஊரில் செயின் சீக்கிரம் துருப்பிடிக்கும். பெடலைப் பின்னால் சுற்றும்போது ஏதாவது ஒரு கணு மடங்கியபடியே வந்து துள்ளினால் வேறு வண்டி கேளுங்கள். ஆயில் விட்டால் சத்தம் போகும். இறுகிப்போன கணு, அழுத்தி மிதிக்கும்போது பல்சக்கரத்தின் பல்லிலிருந்து நழுவிக் காலை வாரிவிடும். காற்று எவ்வளவு என்பது டயரின் ஓரத்திலேயே அச்சிட்டிருக்கும். தடித்த டயருக்குப் பொதுவாக 40 பிஎஸ்ஐ போதும். கியர் சைக்கிள் பலவற்றில் மோட்டார் பைக் வால்வுதான் என்பதால் பெட்ரோல் பங்கில் அடித்துக்கொள்ளலாம். வால்வுக்குள் சின்ன ரப்பர் குழாய் மாட்டிய பழைய வால்டியூப் வகைக்குக் கைப்பம்புதான்.

வழுதாவூர் சாலையில் மேட்டுப்பாளையம் தாண்டும்வரை லாரிகள் ஓயாது. சாலையோர மண்ணும் தார் மட்டத்துக்குக் கீழே இறங்கியிருக்கும். லாரிக்கு ஒதுங்கும்போது சின்ன சக்கரம் அந்த விளிம்பில் மாட்டினால் பிள்ளை சாலைப் பக்கமே விழும். 12 வயதுக்குள் இருக்கும் பிள்ளைகளை இந்தச் சாலையில் மிதிக்க விடவே கூடாது என்பது எங்கள் உறுதியான கருத்து. ஒரு குட்டியானை (சின்னச் சரக்கு வண்டி) பேசி சைக்கிள்களை ஏற்றி அனுப்பிவிட்டு, ஆட்கள் பஸ்ஸிலோ ஆட்டோவிலோ ஏரிக்குப் போய்ச் சேருங்கள். செலவு கூடும்தான், ஆனால் பிள்ளைகளின் கால்வலு முழுக்க ஏரிக்கரைக்கு மிஞ்சும்.

கரையோரம் சீமைக்கருவேல முள் கிடக்கும். பஞ்சரானால் டியூபை மட்டும் ஒட்டிவிட்டு மாட்டாதீர்கள். டயருக்குள் ஒடிந்து நிற்கும் முள்நுனி பத்து நிமிடத்தில் அதே இடத்தில் மறுபடி குத்தும். டயரின் உட்புறத்தைத் துணியால் சுற்றித் துடையுங்கள், துணி எங்கே மாட்டுகிறதோ அங்கே முள். ஒவ்வொரு சக்கர அளவுக்கும் ஒரு மாற்று டியூப், இரண்டு டயர் லிவர், ஒரு பம்பு, ஆளுக்கு 1 லிட்டர் தண்ணீர் இருந்தால் போதும்.

வடகிழக்கு மழையில் ஏரி நிறைந்த பிறகு, டிசம்பர் கடைசியிலிருந்து பிப்ரவரி வரை, வலசைப் பறவைகளைப் பார்க்க அருமையான காலம். நெற்றியில் வெள்ளை நாமம் போட்ட கறுப்புப் பறவை நாமக்கோழி. பிள்ளைகள் முதலில் கண்டுபிடிப்பது அதைத்தான். கழுத்து மட்டும் தண்ணீருக்கு மேலே நீந்தி வந்தால் பாம்புத்தாரா. அலகை மூடினாலும் நடுவே இடைவெளி தெரிந்தால் நத்தைகுத்தி நாரை. நத்தையைப் பிடித்து அதன் சதையை எடுக்க ஏற்ற அலகு அது. கூழைக்கடா இறங்குவதைப் பார்த்துவிட்டால் பிள்ளைகளைக் கிளப்புவது கஷ்டம், கூடுதலாக அரைமணி ஒதுக்கி வையுங்கள்.

தொலைநோக்கி 8x42 (எட்டு மடங்கு பெரிதாக்குவது) போதும்; 10x (பத்து மடங்கு) சின்னக் கையில் நடுங்கி ஒன்றும் தெரியாது. வெயில் முதுகில் விழும்படி நின்றால்தான் இறகின் நிறம் தெரியும். நீர்விளிம்பு தெரிகிற இடத்துக்கு ஐம்பதடி முன்பே இறங்கி வண்டியைத் தள்ளிக்கொண்டு போங்கள். சைக்கிள் மணியும் ஸ்டாண்டை உதைக்கிற சத்தமும் ஒரு கூட்டத்தையே எழுப்பிவிடும்.

பெரியவர்கள் மிதித்தே ஊர் திரும்புவதானால் 9 மணிக்கு மேல் தங்க வேண்டாம். ஊர் கிழக்கே இருக்கிறது. வெயில் ஏறக் கடற்காற்று எழுந்தால் முகத்திலேயே அடிக்கும், வரும்போது 40 நிமிடம் பிடித்த தூரம் ஒரு மணி நேரம் இழுக்கும். குட்டியானைக்காரரிடமும் திரும்பி வர 9 மணியையே சொல்லி வையுங்கள்.