தாத்தாவின் தலையெழுத்தும் ஏழு வருட ஸ்கேனரும்

பழைய வண்ணாரப்பேட்டையில் எங்கள் சந்துக்குள் ஆட்டோ நுழையாது. அதனால் 2018இல் ஸ்கேனர் வாங்கப் போனபோது, கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வரக்கூடிய மெல்லிய ஒன்றையே எடுத்தேன். ரசீதுக்கும் ரேஷன் அட்டைக்கும் அது ஒரு குறையும் வைக்கவில்லை. பழைய புத்தகங்களில் இருக்கும் மனிதர்களின் படங்களை வைத்த பிறகுதான் ஆவிகள் வரத் தொடங்கின.

முதலில் வந்தவர் என் தாத்தா. பி அண்ட் சி மில் தொழிலாளி. தொழிற்சங்க மலர் ஒன்றில் தபால்தலை அளவில் அச்சான படம். அவருடையதாக எங்களிடம் இருப்பது அது ஒன்றுதான். ஸ்கேன் செய்து பெரிதாக்கினால், நெற்றியில் வரிவரியாக இடவலம் மாறிய எழுத்துகள். அம்மா எட்டிப் பார்த்து, "தலையெழுத்து என்பார்களே, இதுதானாடா அது?" என்றார்.

அது பின்பக்கத்து அச்சு. தாளோ மெல்லியது, ஸ்கேனர் மூடியின் உட்புறமோ வெள்ளை. தாளை ஊடுருவும் வெளிச்சம் அந்த வெள்ளையில் பட்டுத் திரும்பும்போது பின்பக்க எழுத்தின் நிழலையும் கூட்டி வந்துவிடுகிறது. பக்கத்துக்குப் பின்னால் கறுப்புச் சார்ட் தாளைச் செருகினேன், முக்கால்வாசி மறைந்தது. படம் சற்று இருண்டுபோகும், பிறகு சரிசெய்துகொள்ளலாம்.

எழுத்து போனதும் கன்னத்தில் லுங்கிக் கட்டம் தெரிந்தது. பிளாக், அதாவது அச்சுக்கட்டை, வைத்து அச்சிட்ட முகம் என்பது வெறும் புள்ளிகள்தான்: கண்மணியில் பெரியவை, கன்னத்தில் பொடி. அந்தப் புள்ளி வரிசையும் ஸ்கேனரின் கட்ட வரிசையும் மேலுக்கு மேல் விழும்போது இரண்டிலும் இல்லாத ஒரு கோலம் பிறக்கிறது. கொசுவலையை மடித்து வெளிச்சத்தில் பிடித்தால் அலை அலையாகத் தெரியுமே, அதேதான். 600 டிபிஐயில் (அங்குலத்துக்கு 600 புள்ளி) எடுத்து, லேசாக மங்கலாக்கி, பாதியாகச் சுருக்கினால் பெரும்பாலும் அடங்கும். 'டிஸ்க்ரீன்' வசதியும் இதற்காகத்தான் இருக்கிறது. என் ஸ்கேனரில் அது மீசையையும் சேர்த்து மழித்துவிடுகிறது.

ஏழுகிணற்றில் வாழ்ந்த வள்ளலாரைப் படம் பிடித்தபோது ஆடை மட்டுமே பதிந்தது என்று எங்கள் பக்கத்தில் சொல்வார்கள். இடையில் சாம்பலே இல்லாத கறுப்பு வெள்ளை முறையில் ஸ்கேன் செய்தால் யாருக்கும் அது நடக்கும்: முகம் வெளுத்து மறைய, கோட்டு மட்டும் நிற்கும். சாம்பல் நிற முறைக்கு மாற்றிவிடுங்கள்.

மெல்லிய ஸ்கேனரின் தீராத குறை வேறு. கண்ணாடியை ஒட்டிக் கிடப்பதை மட்டுமே அது தெளிவாகப் பார்க்கும். தைத்த புத்தகத்தின் நடுமடிப்பு மேலெழும்பி நிற்பதால், அந்தப் பக்கத்துக் காதும் பாதிக் கண்ணும் புகையாகிவிடும். அழுத்தினால் தையல் விடும். ஒருமுறை அழுத்திய கை நழுவியது. ஸ்கேனர் வரிவரியாகப் படிப்பதால் மோவாய் மட்டும் முழ நீளம் இழுபட்டது.

2021இல் உள்ளே ஆடியும் லென்ஸும் உள்ள தடித்த பழைய ஸ்கேனர் ஒன்றை இரண்டாம் கையாக வாங்கினேன். கிரைண்டர் போலச் சத்தம். ஆனால் மடிப்போரத்துக் காது முதன்முறையாகக் காதாகத் தெரிந்தது. இரண்டு மழைக்காலம் போனதும் கண்ணாடியின் உட்புறம் பனிபோலப் படலம் படிந்து, வெள்ளைச் சட்டைக்காரர் எல்லோருக்கும் ஒளிவட்டம் வந்தது. திருப்புளியால் திறந்து துடைத்தேன்; மகான்கள் மறுபடி மனிதர்களானார்கள்.

எனக்கு எரிச்சலூட்டுவது பிடிஎஃப் மென்பொருளின் உபகாரம்தான். கோப்பைச் சிறிதாக்கச் சொன்னால், கூர்மையான கறுப்பையெல்லாம் எழுத்து என்று எண்ணித் தனி அடுக்காகப் பிரித்துவிட்டு, மிச்சத்தைக் கசக்கிச் சுருக்குகிறது. முகத்தில் கறுப்பு எது? கண், புருவம், மீசை. மங்கிய மாவுருண்டையின் மேல் இவை மட்டும் மிதக்கும். அந்த வசதியை அணைத்து, முதலில் எடுத்த, கசக்காத டிஃப் (TIFF) கோப்பை அழிக்காமல் வைத்திருக்கிறேன். முகத்தைத் தெளிவாக்கும் செயலியிலும் தாத்தாவைக் கொடுத்துப் பார்த்தேன். மூடியிருந்த வாயில் பல்வரிசை வந்தது. "நன்றாக இருக்கிறார், யார் இவர்?" என்றார் அம்மா.

புத்தகப் படங்களுக்காக வாங்குகிறவர்கள் கடையிலேயே ஒரு சாவிக்கொத்தை வைத்து ஸ்கேன் செய்யச் சொல்லுங்கள். கண்ணாடியைத் தொடாத சாவியின் பல்லும் தெளிவாக விழுந்தால் பணத்தைக் கொடுக்கலாம்.