வேலூரில் 'ரேம் கிளீனிங்' என்று 2,400 ரூபாய் போனது: யாரும் ஏமாறாதீர்கள்

சத்துவாச்சாரியில் வீட்டிலிருந்தே கணக்கு எழுதுகிறேன். ராணிப்பேட்டை, ஆம்பூர் பக்கத்துச் சின்னத் தோல் யூனிட்களுக்கு ஜி.எஸ்.டி. ரிட்டர்ன் போடுவதுதான் பிழைப்பு. போன மாதம் 18ஆம் தேதி லேப்டாப் இழுக்க ஆரம்பித்தது. 20க்குள் 3பி என்ற மாத ரிட்டர்னைப் போட்டாக வேண்டும். பழைய பஸ் ஸ்டாண்ட் பக்கம் ஒரு கடைக்குத் தூக்கிக்கொண்டு ஓடினேன்.

கடைக்காரர், ஓடுகிற புரோகிராம்களைக் காட்டும் டாஸ்க் மேனேஜரைத் திறந்து, மெமரி, அதாவது ஓடுகிற வேலையைத் தற்காலிகமாக வைத்திருக்கும் ரேம், 84 சதவீதம் நிரம்பியிருப்பதாகக் காட்டினார். "ரேம்ல குப்பை சேர்ந்துடுச்சு சார். கிளீன் பண்ணி பூஸ்டர் போட்டுத் தரேன், ஒரு வருஷத்துக்குக் கவலையே இல்ல." அவசரத்தில் 2,400 ரூபாயைக் கொடுத்துவிட்டேன். பில் கேட்டதற்கு ஒரு துண்டுச் சீட்டில் 'ரேம் சர்வீஸ்' என்று கிறுக்கித் தந்தார்.

வீட்டுக்கு வந்தால் இன்னும் மோசம். திரை மூலையில் அந்த பூஸ்டர் புரோகிராமின் பச்சை வட்டம். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை 84 சட்டென்று 45க்கு இறங்கும். உடனே கணக்கு எழுதும் டேலி சாஃப்ட்வேருக்குத் திரும்பினால் திரை வெளுத்துப்போய் நிற்கும், ஹார்ட் டிஸ்க் விளக்கு விடாமல் துடிக்கும்.

காட்பாடியில் படிக்கும் அண்ணன் மகள் வந்து பார்த்தாள். "ரேம்ல குப்பைன்னு ஒண்ணு கிடையாது சித்தப்பா. கரண்ட்டை நிறுத்தினா அதுல எதுவுமே இருக்காது" என்றாள். காலியாகக் கிடக்கிற ரேமில், அடிக்கடி எடுக்கிற ஃபைல்களை விண்டோஸ் தானே வைத்துக்கொள்ளுமாம். வேறு புரோகிராம் கேட்டால் அந்த இடத்தை உடனே விட்டுவிடுமாம். இந்த பூஸ்டர், ஓடிக்கொண்டிருக்கிற டேலியையே ரேமிலிருந்து வெளியே தள்ளுகிறது. நாம் திரும்பத் தொட்டால் எல்லாவற்றையும் டிஸ்க்கிலிருந்து மறுபடி இழுக்க வேண்டும். எண் குறைவதற்காக என் வேலையை நிறுத்தியிருக்கிறார்கள்!

கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தி அதே டாஸ்க் மேனேஜரைத் திறந்து, மெமரி என்ற தலைப்பைத் தட்டினாள். அதிகம் தின்பது மேலே வந்தது. மூடிவிட்டேன் என்று நான் நினைத்த குரோம் பின்னால் ஓடிக்கொண்டிருந்தது. கொரோனா காலத்தில் போட்ட வீடியோ கால் ஆப், எப்போதோ விற்றுவிட்ட பிரின்டரின் புரோகிராம், அப்புறம் இந்த பூஸ்டர். பூஸ்டரை நீக்கிவிட்டு, மற்றவை லேப்டாப்பைப் போட்டதும் தானாக ஓடாதபடி ஸ்டார்ட்அப் பகுதியில் டிஸேபிள் செய்தாள். மூடினால் குரோமும் நின்றுவிடும்படி அதன் செட்டிங்கில் மாற்றினாள். பத்து நிமிட வேலை, காசு செலவில்லை. அன்று ராத்திரியே ரிட்டர்ன் எல்லாம் போட்டு முடித்தேன்.

கடையில் சதவீதத்தைக் காட்டிப் பயமுறுத்தினால், எந்த புரோகிராம் எவ்வளவு எடுக்கிறது என்று கேளுங்கள். உண்மையிலேயே ரேம் போதாது என்றால், போடுகிற ரேமைக் கண்ணால் பார்த்து, பில்லோடு வாங்குங்கள்.

மறுநாள் சீட்டோடு போய்ப் பணத்தைக் கேட்டேன். "சாஃப்ட்வேர் ஏத்தியாச்சு, ரிட்டர்ன் கிடையாது" என்று சொல்லிவிட்டு, அடுத்தவர் லேப்டாப்பில் அதே 84ஐப் போல ஒரு எண்ணைக் காட்டிக்கொண்டிருந்தார்.