கொழும்பிலிருந்து வரும் ரெசினும் ஃபின் பெட்டியும்: உல்லைப் பட்டறையிலிருந்து ஒரு மதிப்பீடு

அறுகம்குடாவை ஒட்டிய உல்லையில் உள்ள எங்கள் சேர்ப் போட் (அலைச்சறுக்குப் பலகை) பட்டறைக்கு வேண்டிய நுரைக்கட்டை, கண்ணாடி இழைத் துணி, அதன்மேல் ஊற்றி இறுகவிடும் பிசினாகிய ரெசின், போட்டின் அடியில் ஃபின் என்ற சிறு துடுப்பை மாட்டுவதற்கான ஃபின் பெட்டி ஆகியவற்றைப் பல பருவங்களாகக் கொழும்பிலுள்ள ஒரே விநியோகத்தரிடம்தான் வாங்கி வருகிறோம். படகு கட்டுகிறவர்களுக்கு ஃபைபர் சாமான் விற்பதே அவர்களுடைய பிரதான வியாபாரம். சேர்ப் போட்டுக்குரிய பொருட்களைப் பின்னர்தான் சேர்த்துக்கொண்டார்கள். அவர்கள் விற்கும் பொருட்களின் தரத்தையும், பழுதான பொருளைப் பற்றி முறையிட்டபோது அவர்கள் நடந்துகொண்ட விதத்தையும் இங்கே எழுதுகிறேன். ஒரு கணக்கு இன்னும் தீராமல் இருப்பதால் நிறுவனத்தின் பெயரைக் குறிப்பிடவில்லை. ஆனால் இதே தொழிலில் உள்ளவர்கள், யாரிடம் வாங்கினாலும், எவற்றைப் பார்த்து வாங்க வேண்டும் என்பதை இதிலிருந்து தெரிந்துகொள்ளலாம்.

அறுகம்குடாவில் அலைப் பருவம் ஏப்ரல் பிற்பகுதியில் தொடங்கி ஒக்டோபர் வரை நீடிக்கிறது. பிரதான முனை, விஸ்கி பொயின்ட், பொத்துவில் பொயின்ட், தெற்கே உகந்தை வரைக்கும் அலை நன்றாக ஓடுகின்ற இந்த மாதங்களில்தான் எங்களுக்கு ஆண்டு வருமானம். போட் செய்யச் சொல்லுகிறவர்களில் பலர் வெளிநாட்டவர்கள். அவர்கள் வீசா முடியும் முன்பே போட்டை எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள். சாமானோ இரத்தினபுரி, வெல்லவாய, மொனராகலை வழியாக ஏ4 வீதியில் வெயிலில் காய்ந்தபடி லொறியில் வந்து சேர வேண்டும். ஜூலையில் ஒரு பொருள் பழுதாகிவிட்டால் மாற்றுப் பொருள் வந்து சேர்வதற்குள் வாடிக்கையாளர் விமானம் ஏறியிருப்பார். ஆகவே ஒரு விநியோகத்தரை மதிப்பிடும்போது விலையைவிட நான் முதலில் பார்ப்பது, அனுப்பிய பொருள் கேட்ட பொருளாகவே இருக்கிறதா என்பதைத்தான்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். அவர்கள் இறக்குமதி செய்யும் பொலியூரித்தேன் நுரைக்கட்டைகள் நம்பகமானவை. நடுவில் ஓடும் மரச் சட்டமாகிய ஸ்ட்ரிங்கர் நேராக இருக்கிறதா என்பதை வாலிலிருந்து மூக்கு வரைக்கும் ஒற்றைக் கண்ணால் பார்த்தே சொல்லிவிடலாம். அவர்களிடம் வாங்கியவற்றில் முறுகிய கட்டை எங்களுக்குக் கிடைத்ததில்லை. பிளேனர் பிடிக்கும்போது சில கட்டைகளின் உள்ளே ஊசித்துளை அளவில் காற்றுக் குமிழ்கள் தென்படுவதுண்டு, அவற்றை நிரவிவிடலாம். நுரைக்கட்டைக்கு ஒரே இடத்தை நம்பியிருப்பது எவ்வளவு ஆபத்தானது என்பதை 2005 டிசம்பர் 5ஆம் திகதி உலகம் முழுவதும் உணர்ந்தது. அன்று கலிபோர்னியாவின் கிளார்க் ஃபோம் நிறுவனம் முன்னறிவித்தல் எதுவுமின்றித் தன் தொழிற்சாலையை மூடியபோது, அமெரிக்காவின் பெரும்பாலான பட்டறைகள் கட்டை இல்லாமல் தவித்தன. இருப்பு தீரப்போவதை எங்கள் விநியோகத்தர் பருவம் தொடங்கும் முன்பே தொலைபேசியில் அழைத்துச் சொல்லுவார் என்பதை நன்றியோடு குறிப்பிட வேண்டும்.

துணியும் நன்று. நான்கு அவுன்ஸ், ஆறு அவுன்ஸ் என்று நாங்கள் சொல்லும் இரு வகைகளும், அதாவது சதுர மீற்றருக்கு ஏறக்குறைய 135 கிராமும் 200 கிராமும் உள்ளவை, பிளாஸ்டிக் உறையில் ஈரம் படாமல் வருகின்றன. ரெசின் ஊற்றியதும் துணி கண்ணுக்குத் தெரியாமல் மறைந்துவிடுகிறது. வெள்ளைத் திட்டுகள் நிற்பதில்லை. ரெஜிபோம் (தெர்மகோல்) கட்டையில் செய்யும் போட்டுகளுக்கு அவர்கள் தரும் எபொக்ஸி ரெசினும் அதை இறுகச் செய்யும் ஹாட்னரும் ஒரே பெட்டியில் சோடியாக வருகின்றன. கலக்க வேண்டிய விகிதம் நிறைக்கு வேறாகவும் கனவளவுக்கு வேறாகவும் தெளிவாக அச்சிடப்பட்டிருக்கிறது. பொலியெஸ்டர் ரெசினிலுள்ள ஸ்டைரீன் ரெஜிபோமைக் கரைத்துவிடும் என்பதைப் புதிதாக வாங்குகிறவர்களுக்கு அவர்களே எடுத்துச் சொல்லுகிறார்கள். இந்த மூன்று பொருட்களிலும் எனக்குக் குறையில்லை.

குறை முழுவதும் பொலியெஸ்டர் ரெசினிலும் ஃபின் பெட்டியிலும்தான் இருக்கிறது.

போட்டுக்குத் துணி போர்த்தும்போது பயன்படுத்த வேண்டியது மெழுகு கலக்காத லாமினேற்றிங் ரெசின். அது இறுகிய பிறகும் அதன் மேற்பரப்பு, காற்றிலுள்ள ஒட்சிசன் பட்டுக்கொண்டிருப்பதால், விரலில் ஒட்டும் பதத்திலேயே இருக்கும். அந்தப் பசைத்தன்மை இருப்பதால்தான் அடுத்த படை அதனோடு ஒன்றாகச் சேர்ந்து பிடிக்கிறது. துணி வேலை முடிந்த பிறகு கடைசியாக ஊற்றும் ரெசினில் மாத்திரம் ஸ்டைரீனில் கரைத்த மெழுகைச் சேர்ப்போம். இறுகும்போது மெழுகு மேலெழுந்து காற்றை மறைப்பதால் அந்தப் படை உலர்ந்து, சாண்ட் பேப்பர் பிடிக்கக்கூடிய கடினத்தைப் பெறும். படகு கட்டுகிறவர்களுக்கு விற்கும் பொதுப்பாவனை ரெசின் சிலவற்றில் மெழுகு முன்கூட்டியே கலக்கப்பட்டிருக்கும். திறந்து பார்த்தால் இரண்டுக்கும் நிறமும் மணமும் ஏறக்குறைய ஒன்றுதான்.

எங்கள் விநியோகத்தர் பெரிய பீப்பாய்களிலிருந்து ரெசினை 20 கிலோ கேன்களில் ஊற்றி, தங்களுடைய சீட்டை ஒட்டி விற்கிறார். அந்தச் சீட்டில் பொருளின் பெயர் இருக்கும். தயாரித்த திகதியோ தொகுதி இலக்கமோ இருக்காது. கடந்த பருவத்தின் நடுவில் லாமினேற்றிங் என்று சீட்டு ஒட்டி வந்த கேன்களில் மெழுகு கலந்த ரெசின் இருந்தது. அடிப்பக்கத்துத் துணியை விளிம்புகளில் மேலே மடித்து ஒட்டி, மறுநாள் மேற்பக்கத்துக்குத் துணி போர்த்தினோம். முதல் நாள் ஊற்றிய ரெசின் காலையில் வழக்கத்துக்கு மாறாக உலர்ந்து பளபளத்தது. வெயில் அதிகம் என்பதால் நன்றாக இறுகியிருக்கிறது என்றே பட்டறையில் அனைவரும் எண்ணினார்கள். மடிப்பு விளிம்பில் சாண்டர் பட்டபோது மேற்படை மெல்லக் கிளம்பியது. நகத்தை நுழைத்து இழுத்தேன். வாழைப்பட்டை உரிவது போல விளிம்பு நீளத்துக்கும் உரிந்து வந்தது. உரிந்த படையின் அடியைத் திருப்பிப் பார்த்தால் ஓர் இழைகூடக் கிழிந்திருக்கவில்லை. நன்றாகப் பிடித்த இரண்டு படைகளைப் பிரித்தால் இழைகள் கிழிந்து தும்புதும்பாக நிற்கும். இப்படி வழுவழுப்பாகப் பிரிந்து வருவது, இரண்டு படைகளுக்கும் இடையில் ஏதோ ஒன்று தடுத்து நின்றிருக்கிறது என்பதற்கு நேரடிச் சாட்சி.

அதே கேன்களில் செய்து விற்றுவிட்ட ஒரு போட் சில நாட்களில் திரும்பி வந்தது. பின்காலின் குதி ஊன்றும் இடத்தில் மேற்படை கிளம்பி, அதனுள்ளே கடல்நீர் புகுந்து, நுரை மஞ்சளாகத் தொடங்கியிருந்தது. கொண்டுவந்தவர் கோபப்படவில்லை; ஆனால் எங்கள் பட்டறையில் செய்த போட்டைக் கையில் ஏந்திக்கொண்டு அவர் கடற்கரை நெடுகிலும் நடந்து வந்திருக்கிறார் என்பதே எனக்குப் போதுமான வேதனையாக இருந்தது. பணத்தைத் திருப்பிக் கொடுத்தோம்.

இவற்றுக்கு முன்பு வாங்கிய பழைய கேனில் மிஞ்சியிருந்த ரெசினையும் பிரச்சினை தந்த புதிய கேனிலிருந்த ரெசினையும் ஒரே அளவு எடுத்து, இரண்டுக்கும் ஒரே வீதத்தில், ரெசினை இறுகச் செய்யும் கட்டலிஸ்ட் சேர்த்து, ஒரே கண்ணாடித் தகட்டில் பக்கத்தில் பக்கத்தில் ஊற்றி வைத்தேன். பழையது மாலையிலும் விரலில் ஒட்டியது. புதியது உலர்ந்து வழுக்கியது. இரண்டையும் படம் எடுத்து, மாதிரியும் சேர்த்துக் கொழும்புக்கு அனுப்பினேன்.

முதல் பதில் விற்பனைப் பிரிவிலிருந்து வந்தது. உங்கள் ஊர் வெக்கையில் கட்டலிஸ்ட் கூடிப்போயிருக்கும் என்று எழுதியிருந்தார்கள். வெக்கையும் கூடுதல் கட்டலிஸ்டும் ரெசினை விரைவாக இறுகச் செய்யும், சூடேற்றி வெடிக்கவும் செய்யும். ஆனால் இல்லாத மெழுகை அவை உண்டாக்கமாட்டா. ஒரே வெக்கையில் ஒரே வீதத்தில் ஊற்றிய பழைய ரெசின் ஏன் ஒட்டியது என்ற கேள்விக்கு அவர்களிடமிருந்து பதில் வரவேயில்லை. கடைசியில் களஞ்சியத்திலிருக்கும் ஒரு மூத்தவரோடு நேரடியாகத் தொலைபேசியில் பேசினேன். “தம்பி, ரெண்டு பீப்பாயும் பக்கத்துப் பக்கத்திலதான் நிக்குது. ஊத்தேக்க மாறியிருக்கும் போல. நான் பார்த்துச் சொல்றன்” என்றார். அன்று மாலையே அழைத்து மாறியிருப்பதை உறுதிப்படுத்தினார். அவருடைய நேர்மைக்கு நான் தலைவணங்குகிறேன்.

அதன் பிறகு மாற்றுக் கேன்கள் லொறிக் கூலி வாங்காமல் வந்து சேர்ந்தன. ஆனால் அத்தோடு விடயம் முடிந்துவிட்டது என்பது நிறுவனத்தின் நிலைப்பாடு. இதை நான் ஏற்கவில்லை. ரெசின் என்பது போட்டின் விலையில் ஒரு சிறு பங்கு மாத்திரமே. தவறான ரெசினை ஊற்றிய பிறகு அதற்கு அடியிலிருக்கும் நுரைக்கட்டையும், துணியும், வடிவமைத்தவரின் உழைப்பும் அதோடு சேர்ந்தே வீணாகின்றன. கேனுக்குக் கேன் கொடுத்தால் கணக்கு நேர் என்பது கடையில் அமர்ந்திருப்பவரின் கணக்கு. 1896ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட நம் நாட்டின் பொருள் விற்பனைக் கட்டளைச் சட்டமும், விவரித்து விற்கும் பொருள் அந்த விவரத்துக்கு ஒத்திருக்க வேண்டும் என்றே கூறுகிறது. சீட்டில் லாமினேற்றிங் என்று எழுதி விற்றால் கேனுக்குள் இருப்பதும் அதுவாக இருக்க வேண்டும். வழக்குக்குப் போகும் எண்ணம் எனக்கில்லை. வீணான கட்டைகளின் விலையில் ஒரு பங்கையாவது அடுத்த கொள்வனவில் கழித்துத் தாருங்கள் என்றுதான் கேட்டிருக்கிறேன்.

ஃபின் பெட்டி விடயம் இன்னும் கசப்பானது. 1981இல் அவுஸ்திரேலியரான சைமன் ஆண்டர்சன் மூன்று ஃபின் போட்டோடு போட்டிகளில் வென்ற பிறகு அந்த அமைப்பே உலகெங்கும் வழக்கமாகிவிட்டது. ஆகவே பெரும்பாலான போட்டுகளுக்கு மூன்று பெட்டிகள் வேண்டும், மூன்றில் ஒன்று பழுதானாலும் போட் பயன்படாது. விநியோகத்தர் அனுப்பியவை பெயர்பெற்ற அமைப்பு ஒன்றைப் பார்த்துச் செய்த மலிவான நகல்கள். அவற்றில் சிலவற்றின் பள்ளம் அகன்றிருந்தது. திருகாணியை இறுக்கிய பிறகும் ஃபின் அசைந்தது. வேறு சிலவற்றில் திருகாணித் துளையின் ஓரம் முதல் இறுக்கத்திலேயே வெடித்தது. ஃபின் அசைந்தால் போட் திரும்பும்போது பிடி தளரும். பாறை அடியிலிருக்கும் பிரதான முனையில் அது விளையாட்டான காரியமில்லை.

பெட்டியை நுரையில் குடைந்து வைத்து, ரெசின் ஊற்றி, மேற்பரப்போடு சமமாகத் தேய்த்த பிறகுதான் உண்மையான பொருத்தம் தெரியவருகிறது. அந்த நிலையில் பெட்டியை எடுப்பதென்றால் சுற்றியுள்ள நுரையையும் சேர்த்துக் குடைந்துதான் எடுக்க வேண்டும். பாவிக்காத பெட்டிகளை அனுப்பினால் பணம் தருவோம் என்று விநியோகத்தர் சொல்லுகிறார். பாவித்தவற்றுக்குப் பொறுப்பேற்க மறுக்கிறார். பாவிக்காமல் பழுது தெரியாது, பாவித்தால் பொறுப்பில்லை என்றால் வாங்குகிறவர் எங்கே போவது? இந்தக் கணக்குத்தான் இன்னும் தீராமல் இருக்கிறது. இப்போது ஒவ்வொரு பெட்டியிலும் வேலை தொடங்கும் முன்பே அசல் ஃபின் ஒன்றை மாட்டி ஆட்டிப் பார்க்கிறோம், பள்ளத்தின் அகலத்தை வேர்னியர் அளவுகோலால் அளக்கிறோம்.

இன்னொன்றையும் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். ஒரு முறை கட்டலிஸ்ட் போத்தலும் படகு ரெசின் இறுகுவதை விரைவுபடுத்தும் கோபால்ட் போத்தலும் ஒரே அட்டைப்பெட்டியில் வந்தன. இவை இரண்டும் நேரடியாகக் கலந்தால் தீப்பற்றி வெடிக்கும். கட்டலிஸ்ட் ஒரு துளி கண்ணில் பட்டாலே பார்வை போகலாம். வெயிலில் குலுங்கி வரும் லொறியில், அதன் ஆபத்தை அறியாத ஒரு கிளீனர்ப் பையனின் கையில் அந்தப் பெட்டி இருந்தது. இதைப் பற்றிச் சொன்னபோது மன்னிப்புக் கேட்டார்கள்; அதன் பின்னர் இரண்டும் வெவ்வேறு பெட்டிகளில் வருகின்றன.

கல்முனையிலோ மட்டக்களப்பிலோ வாங்கினால் என்ன என்று சிலர் கேட்கிறார்கள். சுனாமிக்குப் பிறகு இந்தக் கரை முழுவதும் ஃபைபர் படகுகள் பெருகியதால் படகு ரெசினும் இழைப் பாயும் பக்கத்து நகரங்களில் கிடைக்கின்றன, கடைக்காரரும் முகம் தெரிந்தவர். அவசரப் பழுதுக்கு அவை போதும். ஆனால் அந்தப் பாய் போட்டுக்கு மிகவும் பாரமானது. ரெசினில் மெழுகு இருக்கிறதா என்பதும் பெரும்பாலான கடைகளில் கேட்டறிய முடியாதது. ஆகவே புதுப் போட்டுக்குக் கொழும்பையே நம்ப வேண்டியிருக்கிறது.

நுரைக்கட்டை, துணி, எபொக்ஸி ஆகியவற்றை இந்த விநியோகத்தரிடம் தயங்காமல் வாங்கலாம். ஃபின் பெட்டியை வாங்க வேண்டாம். விலை கூடினாலும் அசலையே வரவழையுங்கள். பொலியெஸ்டர் ரெசினைத் தொழிற்சாலை முத்திரை உடையாத பீப்பாயாக, தொகுதி இலக்கத்தையும் திகதியையும் பார்த்து மாத்திரம் வாங்குங்கள். ஒரு பீப்பாய் என்பது 200 கிலோவுக்கு மேல். எங்கள் வெக்கையில் சில மாதங்களுக்குள் அது கெட்டியாகத் தொடங்கிவிடும். ஆதலால் தனிப் பட்டறை ஒன்றுக்கு அது அதிகம். இந்தப் பருவத்துக்குப் பொத்துவிலிலுள்ள வேறு இரண்டு பட்டறைகளோடு சேர்ந்து ஒரு பீப்பாய்க்குச் சொல்லியிருக்கிறோம். கேன்களிலும் தொகுதி இலக்கத்தை எழுதி அனுப்புவதாகக் களஞ்சியத்து மூத்தவர் வாக்களித்திருந்தார். அண்மையில் வந்த கேன்களில் சிலவற்றில் அந்த இலக்கம் இருந்தது, சிலவற்றில் இல்லை. இலக்கம் இல்லாதவற்றை இறக்காமல் அதே லொறியில் திருப்பி அனுப்பியிருக்கிறேன்.