ஓய்வுக்காலத்துக்கு இண்டெக்ஸ் ஃபண்ட்: பல ஆண்டுகள் வைத்திருந்து பார்த்த அனுபவம்

ஓய்வுக்காலத்துக்கான பணத்தில் பெரும்பகுதியை இண்டெக்ஸ் ஃபண்டிலும், ஒரு சிறு பகுதியை ஆக்டிவ் மியூச்சுவல் ஃபண்ட் ஒன்றிலும் மாதாமாதம் போட்டு வந்திருக்கிறேன். இண்டெக்ஸ் ஃபண்ட் ஒரு பங்குச்சந்தைக் குறியீட்டில் உள்ள பங்குகளை அப்படியே வாங்கி வைத்திருக்கும்; ஆக்டிவ் ஃபண்டில் எதை வாங்குவது என்பதை ஒரு மேனேஜர் தேர்ந்தெடுப்பார். ஒரே சந்தையின் ஏற்றத்தையும் இறக்கத்தையும் இரண்டும் சேர்ந்தே பார்த்தன. ஃபண்டுகளைப் பற்றிய அலசல்கள் பெரும்பாலும் கடந்த ஓராண்டு, மூன்றாண்டு வருமானத்தோடு நின்றுவிடுகின்றன. முப்பது ஆண்டுகள் வைத்திருக்கப்போகிறவருக்கு அந்த எண்களால் பெரிய பயன் இல்லை. நீண்ட காலம் கையில் வைத்திருந்தால் மட்டுமே புலப்படும் சில விஷயங்களை இங்கே எழுதுகிறேன்.

முதலாவது, செலவு விகிதம்: ஃபண்டை நடத்துவதற்காக ஆண்டுதோறும் நம் பணத்திலிருந்து பிடிக்கும் சதவீதம். சந்தை ஆண்டுக்கு 7 சதவீதம் தருகிறது என்று வைத்துக்கொள்வோம். 0.2 சதவீதம் செலவு பிடிக்கும் ஃபண்டில் போட்ட 100, முப்பது ஆண்டுகளில் ஏறத்தாழ 720 ஆகும். 1.5 சதவீதம் பிடிக்கும் ஃபண்டில் அதே 100 ஏறத்தாழ 498 வரைதான் வரும். கிடைத்திருக்க வேண்டிய லாபத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் காணாமல் போகிறது. இந்தத் தொகையை யாரும் பில் போட்டு வாங்குவதில்லை. ஃபண்டின் ஒரு யூனிட்டின் மதிப்பான என்.ஏ.வி.யைக் கணக்கிடும்போதே கழித்துவிடுகிறார்கள். அதனால்தான் பலரும் இதைப் பொருட்படுத்துவதில்லை. 1.5 என்ற எண்ணைப் பார்த்தால் அற்பமாகத் தோன்றும்; 7 சதவீத வருமானத்தில் அது ஐந்தில் ஒரு பங்குக்கும் அதிகம்.

திறமையான மேனேஜர் அந்தச் செலவுக்கு மேலேயே சம்பாதித்துக் கொடுத்துவிட மாட்டாரா என்ற கேள்வி நியாயமானது. இதற்கு அமெரிக்கப் பொருளாதார அறிஞர் வில்லியம் ஷார்ப் 1991இல் எளிய கணக்கு ஒன்றைச் சொன்னார். சந்தையில் உள்ள பங்குகளை இண்டெக்ஸ் முதலீட்டாளர்களும் ஆக்டிவ் முதலீட்டாளர்களும் பங்கிட்டு வைத்திருக்கிறார்கள். இண்டெக்ஸ் முதலீட்டாளர்கள் சந்தையின் வருமானத்தைப் பெறுகிறார்கள் என்றால், மீதிப் பேரின் சராசரியும் அதே வருமானமாகத்தான் இருக்க முடியும். செலவைக் கழித்தால் அந்தச் சராசரி சந்தைக்குக் கீழே இறங்கிவிடுகிறது. சந்தையை வெல்பவர்கள் எப்போதும் இருப்பார்கள். யார் என்பதை முப்பது ஆண்டுகளுக்கு முன்பே தெரிந்து வைத்திருக்க வேண்டும் என்பதே சிக்கல்.

அமெரிக்காவின் வான்கார்ட் நிறுவனத்தைத் தொடங்கிய ஜான் போகல் 1976இல் சாதாரண முதலீட்டாளர்களுக்காக முதல் இண்டெக்ஸ் ஃபண்டைத் தொடங்கியபோது 15 கோடி டாலர் எதிர்பார்த்தார்கள், திரண்டது 1.1 கோடி டாலர் அளவுதான். போகலின் மடமை என்றுகூட அதைக் கேலி செய்தார்கள். பின்னாளில் உலகின் மிகப் பெரிய ஃபண்டுகளின் வரிசையில் அது இடம்பிடித்தது.

என்னிடம் இருந்த ஆக்டிவ் ஃபண்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். தொடக்க ஆண்டுகளில் அது குறியீட்டை முந்தியது. நல்ல பெயர் கிடைத்ததும் பணம் குவிந்தது. சிறிய நிறுவனங்களின் பங்குகளைத் தேடிப் பிடித்து வாங்கியதுதான் அதன் பலம். பணம் பெருகிய பிறகு அந்தப் பங்குகளை அதிக அளவில் வாங்க முடியவில்லை. வாங்க முயன்றால் அதுவே விலையை ஏற்றிவிடும். மெல்ல மெல்லப் பெரிய நிறுவனங்களின் பக்கம் சாய்ந்தது. அப்புறம் மேனேஜர் விலகினார், புதியவர் வந்தார். செலவு விகிதம் மட்டும் கிட்டத்தட்ட அப்படியே இருந்தது. கடைசியில் இன்னொரு ஃபண்டோடு இணைத்துவிட்டார்கள். நான் தேர்ந்தெடுத்த எதுவும் அதில் மிஞ்சவில்லை. இணைக்கப்பட்ட, மூடப்பட்ட ஃபண்டுகள் ஒப்பீட்டுப் பட்டியல்களிலிருந்து மறைந்துவிடுவதையும் அப்போதுதான் நேரில் கண்டேன். பிழைத்தவற்றை மட்டும் வைத்துச் சராசரி போட்டால் அது உண்மையைவிட அழகாகத்தானே தெரியும்?

ஆனால் இண்டெக்ஸ் ஃபண்ட் என்று பெயர் இருந்தாலே போதும் என்று நினைத்துவிடக் கூடாது. ஒரே குறியீட்டைப் பின்பற்றும் இரண்டு ஃபண்டுகள் ஒரே வருமானத்தைத் தருவதில்லை. ஆண்டுதோறும் நான் பார்க்கும் எண், டிராக்கிங் டிஃபரன்ஸ். குறியீடு அந்த ஆண்டு 9.4 சதவீதம் ஏறி, ஃபண்ட் 9.1 சதவீதம் தந்திருந்தால் வித்தியாசம் 0.3. அதில் 0.2 செலவு விகிதம் என்றால், மீதி 0.1 எங்கே போனது என்று கேட்கலாம். முதலீடு செய்யாமல் ரொக்கமாக வைத்திருந்த பணம், பங்குகளை வாங்கி விற்ற செலவு, குறியீடு மாறும்போது ஏற்பட்ட தாமதம் என்று காரணங்கள் இருக்கும். ஆண்டுக்கு ஆண்டு இந்த வித்தியாசம் சீராக இருந்தால் அந்த ஃபண்டை நம்பலாம். டிராக்கிங் எரர் என்று விளம்பரத்தில் பெருமையாகப் போடுவது வேறு விஷயம். அது வித்தியாசம் எவ்வளவு ஊசலாடுகிறது என்பதை மட்டுமே காட்டும். ஆண்டுதோறும் தவறாமல் ஒரு சதவீதம் பின்தங்கும் ஃபண்டுக்கும் டிராக்கிங் எரர் மிகக் குறைவாகவே இருக்கும்!

ஒரு ஃபண்டின் விளக்கத் தாளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வரைபடத்தில் ஃபண்டின் கோடு குறியீட்டின் கோட்டுக்கு மேலே ஓடியது. அடியில் பொடி எழுத்தில் விலைக் குறியீடு என்றிருந்தது. அதாவது, ஃபண்டின் வருமானத்தில் ஈவுத்தொகை, அதாவது நிறுவனங்கள் பங்குதாரர்களுக்குப் பிரித்துத் தரும் லாபம், சேர்ந்திருக்கிறது. எதிரே வைத்த குறியீட்டில் அது இல்லை. ஈவுத்தொகையையும் சேர்த்துக் கணக்கிடும் மொத்த வருமானக் குறியீட்டை அருகே வைத்ததும் ஃபண்ட் கீழே போய்விட்டது. எந்த ஃபண்டை ஒப்பிட்டாலும் முதலில் இதைத்தான் பாருங்கள்.

இறக்க காலம் தனிப் பாடம். 2020 பிப்ரவரி பிற்பகுதியிலிருந்து மார்ச் 23க்குள் அமெரிக்கப் பங்குக் குறியீடான எஸ் அண்டு பி 500 ஏறத்தாழ 34 சதவீதம் விழுந்தது. 2007 அக்டோபரிலிருந்து 2009 மார்ச் வரை ஏறத்தாழ 57 சதவீதம். இண்டெக்ஸ் ஃபண்ட் இத்தகைய வீழ்ச்சியிலிருந்து எந்தப் பாதுகாப்பும் தராது, முழுமையாக விழும். ஆனாலும் அதை வைத்திருப்பது எனக்கு எளிதாக இருந்தது. ஆக்டிவ் ஃபண்ட் விழும்போது சந்தை விழுந்ததா, மேனேஜர் சறுக்கினாரா என்று தெரியாமல் மனம் அலையும். அந்தச் சந்தேகத்தில்தான் விற்கத் தோன்றுகிறது. இண்டெக்ஸ் ஃபண்டில் அந்தக் கேள்வியே எழவில்லை. மாதத் தவணை பாட்டுக்கு ஓடியது.

ஒரே நாட்டின் குறியீட்டில் எல்லாவற்றையும் வைப்பதை மட்டும் நான் ஏற்கவில்லை. ஜப்பானின் பங்குக் குறியீடான நிக்கெய் 1989 இறுதியில் தொட்ட உச்சத்தை 2024 பிப்ரவரியில்தான் தாண்டியது. ஈவுத்தொகையைச் சேர்த்தால் காத்திருப்பு குறையும்தான். என்றாலும் ஒரு மனிதனின் உழைக்கும் காலம் முழுவதையும் விழுங்கக்கூடிய இடைவெளி அது. உலகச் சந்தைகளுக்கான இண்டெக்ஸ் ஃபண்டை அதனால்தான் சேர்த்துக்கொண்டேன்.

ஓய்வு நெருங்க நெருங்க வேறொரு கவலை வருகிறது. பணம் எடுக்கத் தொடங்கும் முதல் சில ஆண்டுகளில் பெரிய சரிவு வந்தால், குறைந்த விலைக்கு அதிக யூனிட்டுகளை விற்க நேரும். பிறகு சந்தை மீண்டாலும் மீள்வதற்கு யூனிட் இருக்காது. அமெரிக்க நிதி ஆலோசகர் வில்லியம் பெங்கன் 1994இல் அமெரிக்கத் தரவுகளை வைத்துச் சொன்ன 4 சதவீதக் கணக்கு, முதலாண்டு சேமிப்பில் 4 சதவீதம் எடுத்து, பிறகு பணவீக்கத்துக்கு ஏற்ப அந்தத் தொகையை உயர்த்தினால் பணம் முப்பது ஆண்டுகள் தாங்கும் என்றது. அதிலும் பாதி வரை கடன் பத்திரங்கள் இருந்தன என்பதை மேற்கோள் காட்டுபவர்கள் விட்டுவிடுகிறார்கள். நான் அந்த 4ஐ உச்ச வரம்பாக மட்டுமே எடுத்துக்கொள்கிறேன். புதிதாகப் போடும் பணத்தை இப்போது குறுகிய காலக் கடன் பத்திரங்களின் இண்டெக்ஸ் ஃபண்டுக்குத் திருப்பியிருக்கிறேன். சில ஆண்டுச் செலவுக்கான தொகை அதில் சேரும்வரை இது தொடரும். பங்கு ஃபண்டுகளை விற்கவில்லை. வட்டி உயர்ந்தால் கடன் பத்திரங்களின் விலை இறங்கும்; அந்த ஃபண்டை ஒரு வட்டி உயர்விலாவது பார்த்த பிறகே அதைப் பற்றி என் கருத்தை எழுத முடியும்.