விண்டோ ராக்கா, கலிபோர்னியாவா? நவஹோ பெண் நீதிபதிகளின் இரு வழிகள்

அமெரிக்காவுக்குள்ளேயே தன்னாட்சி நடத்தும் பூர்வகுடி மக்கள் நவஹோக்கள்; அரிசோனாவின் விண்டோ ராக் அவர்களின் தலைநகர். கிளாடீன் பேட்ஸ் ஆர்தர் தன் மக்களின் நீதிமன்றத்துக்கே போனார். நவஹோ நாட்டு உச்ச நீதிமன்றத்தின் முதல் பெண் தலைமை நீதிபதி அவர், 2004-ல் காலமானார். சன்ஷைன் சைக்ஸ் வெளியே போனார். அரிசோனாவின் டியூபா சிட்டியில் பிறந்து, ஸ்டான்ஃபோர்டில் சட்டம் படித்து, 2013-ல் கலிபோர்னியாவின் ரிவர்சைட் மாவட்ட நீதிபதியானார். 2022-ல் அமெரிக்க செனட் 51–45 வாக்கில் அவரைக் கூட்டாட்சி நீதிபதியாக்கியது. கலிபோர்னியாவில் அப்பதவிக்கு வந்த முதல் பூர்வகுடி அவர்தான்.

எது பெரிய பதவி? சம்பளம், ஆயுள்காலப் பதவி என்று பார்த்தால் சைக்ஸின் வழிதான், சந்தேகமே இல்லை. நவஹோ நீதிமன்றத்தின் கையோ கட்டப்பட்டது: கொலை போன்ற பெருங்குற்றங்களை 1885-லேயே அமெரிக்க அரசு தன் பக்கம் இழுத்துக்கொண்டது.

ஆனால் எனக்குச் சுவாரஸ்யம் விண்டோ ராக்கில்தான். அங்கே நீதிபதிக்கு நவஹோ மொழியும் வழக்கமும் தெரிந்திருக்க வேண்டும். 1982 முதல் சமரச மன்றமும் உண்டு. நம்மூர்ப் பஞ்சாயத்து மாதிரி என்று சட்டென நினைக்கத் தோன்றும். ஆனால் இங்கே நடுவர் தீர்ப்பு சொல்வதில்லை. இரு தரப்பும் உறவினரோடு சுற்றி உட்கார்ந்து, மனதில் இருப்பதைக் கொட்டி, ஈடு என்ன என்று தாங்களே பேசி முடிக்கிறார்கள். அந்த ஈட்டுக்குப் பெயர் 'நால்யே'. ஆடு, குதிரை, நகை எதுவாகவும் இருக்கலாம். தொகையைவிட, கொடுத்தபின் மனக்கசப்பு தீர்ந்ததா என்பதே கணக்கு.

சைக்ஸின் நீதிமன்றத்தில் நவஹோ வழக்கப்படியான இந்த முறைக்கு இடமில்லை. அங்கே முதன்மையானவை சட்டப் புத்தகம், வழக்கறிஞர், தீர்ப்பு.